காகமா குற்றவாளி?

கல்முனைச் சந்தையின் பின்புறத்தில் விடியற்காலையில் நிற்பவருக்குக் கேட்கும் பறவைக் குரல் ஒன்றே. அது காகத்தின் குரல். கடற்கரைக்குச் சென்றாலும் அதே குரல்தான். தோணிகள் கரையேறி மீன் ஏலம் முடிந்ததும், மணலில் எஞ்சும் குடலையும் செதிளையும் சுற்றிக் கூட்டங்கூட்டமாக இறங்கும் காகங்களை மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் நாள்தோறும் காணலாம். எம் தலைமுறையினர் சிறுவராயிருந்த காலத்தில் அதே வேளையில் வேறு பல குரல்களும் கேட்டன. வேலியோரத்தில் புலுனிக் கூட்டம் இரையும். கறுப்பும் வெள்ளையுமான குண்டுக்கரிச்சான் முருங்கைக் கொம்பில் வாலை நிமிர்த்திக்கொண்டு பாடும். கடைக்காரர் கட்டிவைத்த முட்டியில் ஊர்க்குருவி குடித்தனம் நடத்தும். இன்று அக்குரல்களைக் கேட்க வேண்டுமாயின், மரம் எஞ்சியுள்ள வளவு எது என்று விசாரித்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

பறவைகளைப் பற்றி அரசியல் வார இதழ் ஒன்று தலையங்கம் தீட்டுவதா என்று கேட்கும் அன்பர்கள் உளர். தமிழ் பேசும் மக்களுக்கு இதனினும் பெரிய குறைகள் இல்லையா என்பர். உள, அவற்றை நாம் எழுதியே வருகிறோம். ஆயினும் காணி, குப்பை, வடிகால், வயல் என்பவை அரசியல் அல்லவெனில் வேறெது அரசியல்? குருவிகளின் கதையைத் தொடங்கினால் இந்நான்கினுள்ளும் கால் வைக்காமல் அதனை முடித்தற்கியலாது.

ஊரார் பலர் ஏற்கனவே தீர்ப்பு வழங்கிவிட்டனர். காகமே குற்றவாளி என்பது அவர்கள் முடிபு. சான்று இல்லாமலில்லை. காகம் பிற பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்னும். கொண்டைக்குருவி, கிண்ணம் போன்ற தன் கூட்டைத் தாழ்ந்த செடியிலே திறந்தவாறு கட்டும் இயல்பினது. காகம் ஒன்று தாய்ப்பறவையைப் போக்குக்காட்டி விலக்க, மற்றொன்று கூட்டினுள் தலையை விடும். இலைகளைத் தைத்துக் கூடமைக்கும் தையற்சிட்டும், சிறு பைபோல் கூட்டைத் தொங்கவிடும் தேன்சிட்டும் மறைவை நம்பி வாழ்பவை. மறைப்பதற்கு இலையில்லாத வளவிலே அவற்றின் சாமர்த்தியம் பலிப்பதில்லை. புலுனிகள் ஏழெட்டாய்க் கூடி வாழ்வதாலும் ஒருமித்து நின்று எதிர்ப்பதாலும் ஓரளவு தப்புகின்றன. மைனாவும் மரப்பொந்துக்காகப் பிற பறவைகளோடு சண்டையிடும். பூனை செய்வதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இவையெல்லாம் உண்மையே. ஆனால் நீதிமன்றத்தில் பழகியவர்க்கு ஒரு வழக்கமுண்டு. சம்பவ இடத்தில் நின்றவன் யார் என்று கேட்பதோடு, அவனை அங்கே அழைத்து வந்தவன் யார் என்றும் கேட்பர்.

காகம் எமக்கு அந்நியப் பறவை அன்று. எம் நாட்டில் காகம் இருவகை. முழுதும் கரிய அண்டங்காகம் ஒன்று. கழுத்துச் சாம்பல் நிறமான ஊர்க்காகம் மற்றொன்று. ஊர்க்காகம் இலங்கையில் கரையோரத்தையும் பட்டினங்களையுமே விரும்பி வாழ்வது. உள்நாட்டுக்குச் செல்லச் செல்ல அண்டங்காகமே மிகுதி. மனிதர் இல்லாத இடத்தில் ஊர்க்காகத்தைக் காண்பது அரிது. நாம் உண்டு எறிவதை உண்டு, நம் கூரையருகே கூடு கட்டி, நம்மோடு வாழப் பழகிய பறவை அது. எம்முள் ஒரு சாரார் முன்னோர்க்குப் படைத்த சோற்றை உண்ணக் காகத்தை அழைக்கின்றனர். மற்றொரு சாராரின் திருமறையோ, ஆதமின் மகனுக்குச் சகோதரனின் உடலை அடக்கும் முறையைக் காட்டிய பறவை காகமே என்கிறது. இரு சாராரும் மதித்த பறவை இன்று இரு சாராராலும் ஏசப்படுகிறது. காகத்தின் கூட்டில் முட்டையிடும் குயிலுக்கு மட்டும் இக்காலம் நல்ல காலம்போலும்.

எம் நாட்டுக் காகம் கடல் கடந்து பெற்ற பெயரை வாசகர் அறிந்திருத்தல் நன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் கிள்ளான் பகுதிக் கோப்பித் தோட்டங்களில் மயிர்க்கொட்டிகளை ஒழிப்பதற்கென்று இலங்கையிலிருந்து காகங்களைக் கொண்டு சென்றனர். கோப்பி போயிற்று; காகம் நின்றது. அதற்குச் சற்று முன், 1890களில், கிழக்கு ஆபிரிக்காவின் சன்சிபார்த் தீவில் ஆட்சி செய்த வெள்ளையர், நகரக் குப்பையைத் தின்று தீர்க்கட்டும் என்று இந்தியக் காகங்களைக் கொண்டுபோய் விட்டனர். வண்டிக்கும் ஆளுக்குமான செலவு மிச்சம் என்று கருதினர் போலும். காகம் குப்பையோடு நிற்கவில்லை. தீவின் சிறு பறவைகளின் கூடுகளிலும் புகுந்தது. அயலிலுள்ள பெருநிலத்தின் கரையோரத்திலும் அவ்வினம் பெருகியது. கென்ய நாட்டின் வனவிலங்குத் துறை, அவ்வாண்டு முடிவதற்குள் பத்து லட்சம் காகங்களை ஒழிக்கப்போவதாக 2024ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அறிவித்தது.

காகத்தோடு இது முடியவில்லை. 1862ஆம் ஆண்டு மெல்பேண் நகரில், பூச்சிகளைத் தின்னட்டும் என்று விடப்பட்ட மைனா, இன்று அவுஸ்திரேலியாவின் சொந்தப் பறவைகளிடமிருந்து மரப்பொந்துகளைப் பறிக்கிறது. இந்தியத் தொழிலாளர் ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேறிய காலத்தில் கொண்டைக்குருவி பீஜித் தீவை அடைந்தது. உலகில் மிகுந்த கேடு விளைவிக்கும் அந்நிய உயிரினங்கள் நூறு என்று 2000ஆம் ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தார் ஒரு பட்டியலை வெளியிட்டனர். அதில் இடம்பெற்ற பறவைகள் மூன்றே. அவற்றுள் இரண்டு எமது வளவுகளில் வாழும் மைனாவும் கொண்டைக்குருவியும்! இங்கே காகத்துக்கு அஞ்சி ஒளியும் கொண்டைக்குருவி அங்கே ஆக்கிரமிப்பாளன். ஆகவே ஆக்கிரமிப்பு என்பது பறவையின் பிறவிக்குணம் அன்று. இடமும் இரையும் மனிதரால் மாற்றப்படுகையில் எந்தப் பறவைக்கு அம்மாற்றம் வாய்க்கிறதோ அதுவே ஆக்கிரமிக்கிறது.

எமது கரையோரச் சபைகள், குப்பையைக் காகத்திடம் ஒப்படைப்பது என்று தீர்மானம் எதனையும் நிறைவேற்றவில்லை. ஆயினும் நடைமுறையில் நடந்திருப்பது சன்சிபாரில் நடந்ததேயாகும். மீன் கழிவு கடற்கரையில். கோழிக்கடைக் கழிவு வீதியோரத்தில். கலியாண வீட்டு எச்சில் வடிகாலில். சாய்ந்தமருதுத் தோணா எதற்காக அமைந்தது? மாரி வெள்ளம் கடலுக்கு வடிந்து போவதற்காக. அதில் மிதந்தவை எவை என்பதை அவ்வூர் மக்கள் அறிவர்.

இதன் விளைவை விவசாயிகள் எளிதில் உணர்வர். வயலில் எலி குறைந்தால் எலியைத் தின்னும் பாம்பும் குறையும். எலி மீண்டும் பெருகும். இயற்கையின் கணக்கு அது. காகம் குஞ்சையும் முட்டையையும் மட்டும் நம்பி வாழுமாயின், குருவி குறையும்போது காகமும் குறைய வேண்டும். ஆனால் எமது பட்டினங்களில் காகத்துக்கு ஆண்டு முழுவதும் சம்பளம் கொடுப்பது குப்பைமேடு. குருவி முட்டை அதற்கு மேலதிக வருமானம். கடைசிக் குருவி போன பின்பும் காகத்தின் தொகை குறையாது. ஆதலின் காகம் மிகுவதற்கும் குருவி குறைவதற்கும் முடிவே இல்லாமற் போகிறது.

குப்பையின் கொடுமை காகத்தோடு நிற்கவில்லை. அட்டாளைச்சேனைக்கு அப்பால் பள்ளக்காட்டிலுள்ள குப்பைமேட்டைப் பற்றி 2022ஆம் ஆண்டு சனவரியில் உலகப் பத்திரிகைகள் எழுதின. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2008ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட இடம் அது. அயலிலுள்ள ஒன்பது ஊர்களின் குப்பை அங்கே கொட்டப்பட்டது. காவலாயிருந்த மின்வேலி 2014ஆம் ஆண்டில் மின்னல் தாக்கிப் பழுதாயிற்று, திருத்துவாரில்லை. யானைகள் புகுந்து சோற்றோடு பிளாஸ்ரிக் பைகளையும் விழுங்கின. எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ இருபது யானைகள் மாண்டன என்று அச்செய்திகள் கூறின. யானை இறந்தால் படம் பிடிக்க வருவார்கள். தையற்சிட்டு இறந்தால் வருவாரில்லை.

இனிக் காணிக்கு வருவோம். பழைய உறுதிகளைப் புரட்டுவது எமது தொழில். ஒரு தலைமுறைக்கு முந்திய உறுதியில் எல்லைகள் எவ்வாறு எழுதப்பட்டுள்ளன என்று பாருங்கள். வடக்கே இன்னாரின் வளவு வேலி. கிழக்கே பூவரசு நின்ற ஒழுங்கை. உள்ளே வீடு, கிணறு, தென்னை, மா முதலிய பயன்தரு மரங்கள். இன்று நாம் எழுதும் உறுதியில் வேலி என்ற சொல் அருகிவிட்டது. மதில் என்றே எழுதுகிறோம். பயன்தரு மரங்கள் என்ற தொடரைப் பழக்கத்தினால் எழுதிவிட்டுப் பின்னர் வெட்ட வேண்டியிருக்கிறது.

கிழக்குக் கரையின் வழக்கத்தையும் இங்கே நினைத்தல் வேண்டும். தமிழராயினும் முஸ்லிம்களாயினும் பெண்மக்களுக்கு வீடும் காணியும் கொடுத்தே மணம் முடித்து வைப்பது எமது மரபு. நான்கு பெண்களைப் பெற்றவர் தம் வளவை நான்காக வகுத்து நான்கு வீடு கட்டுகிறார். அப்பெண்களின் பெண்களுக்கு அவ்விடம் மீண்டும் வகுக்கப்படுகிறது. பெண்ணுக்கு நிழல் தரும் இவ்வழக்கத்தை நாம் குறைகூற வரவில்லை. எத்தனையோ பெண்களை நடுத்தெருவில் நில்லாமற் காத்த வழக்கம் அது. ஆனால் ஒருபுறம் கடலும் மறுபுறம் வயலுமாய் ஒடுங்கிய நிலத்தில், ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் வாழும் மாநகரத்தில், வளவு எத்தனை முறை பிளவுறும்? ஆறு பேர்ச் காணியில் வீடு கட்டினால் மாமரத்துக்கு இடமேது? கிடுகு வேலியும் கிளுவையும் இருந்த இடத்தில் சீமெந்து மதில் எழுந்தது. ஓட்டுக் கூரையின் இடுக்கிலே கூடு கட்டிய ஊர்க்குருவி தட்டைக் கூரையில் எங்கே புகும்? ஊர்க்குருவி குறைவதற்குக் கைத்தொலைபேசிக் கோபுரங்களே காரணம் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2020ஆம் ஆண்டில் இந்தியாவில் வெளியான பறவைகளின் நிலை பற்றிய அறிக்கையோ, அந்நாடு முழுவதையும் நோக்கும்போது ஊர்க்குருவி பெரிதும் நிலையாகவே உள்ளது, பெருநகரங்களிலேதான் குறைந்துள்ளது என்றது; கோபுரங்களைக் குற்றஞ்சாட்டப் போதிய சான்றில்லை என்றும் கூறிற்று. குருவிக்கு வேண்டியவை இடுக்கும் இரையுமே.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதியை இக்கரையில் எவர் மறப்பார்? அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பல்லாயிரவர் மாண்டனர். அதன் பின்னர் கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று முதலில் விதித்தனர். கடலோரத்தில் வீடிழந்தவர் மேற்கே செல்ல வேண்டியவராயினர். மேற்கே இருந்தது வயலும் சதுப்பும். அவை நிரப்பப்பட்டு வீட்டுத்திட்டங்கள் எழுந்தன. வீடிழந்தவருக்கு வீடு வேண்டாம் என்று சொல்லும் கல்நெஞ்சம் எமக்கில்லை. ஆனால் அவசரத்துக்குத் திறந்த அக்கதவு பின்னர் அடைபடவில்லை. வீடிழக்காதவரும் அதனூடே நுழைந்தனர். மண் லொறிகளின் வரிசை நின்றபாடில்லை. கிட்டங்கிப் பக்கம் போகிறவர், நீருக்கு மேலே ஓலை நுனிகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கிய இடங்களைக் கைநீட்டிக் காட்டுவார்கள். நெசவுக்குப் பேர்போன மருதமுனைக்கு அந்நெசவாளப் பறவை அயலான் அன்று.

வயலுடையோர் இங்கே குறுக்கிட்டு, குருவி நெல்லைத் தின்னாதா, அது போனால் எமக்கென்ன நட்டம் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. கதிர் முற்றும் காலத்தில் காவலிருந்து கூவி ஓட்டுகிறவருக்குத்தான் அந்த அருமை தெரியும். ஆனால் தானியம் தின்னும் குருவியும் தன் குஞ்சுக்கு ஊட்டுவது புழுவையும் பூச்சியையுமே. 1958ஆம் ஆண்டில் சீன அரசு, குருவிகள் தானியத்தைத் தின்கின்றன என்று கூறி நாடளாவிய போரொன்றைத் தொடுத்தது. மக்கள் தட்டும் தாளமும் கொட்டிக் குருவிகளை அமரவிடாது துரத்திக் கொன்றனர். வெட்டுக்கிளியும் பிற பூச்சிகளும் பெருகின. 1960ஆம் ஆண்டில் குருவியைப் பட்டியலிலிருந்து நீக்கி அவ்விடத்தில் மூட்டைப் பூச்சியைச் சேர்த்தனர். அந்நாட்களில் சீனாவை வாட்டிய பஞ்சத்துக்குக் காரணங்கள் பல. இதுவும் அவற்றுள் ஒன்று. எமது வயல்களிலோ பூச்சி காணுமுன்பே மருந்து விசிறப்படுகிறது; குஞ்சுக்கு ஊட்டப் புழு இல்லை. இதற்காக 2021ஆம் ஆண்டில் நடந்தது போல் உரத்தையும் மருந்தையும் ஒரே நாளில் தடுத்து, அவ்வாண்டு முடியுமுன்பே அத்தடையைக் கைவிட்டு, விவசாயியைத் தெருவில் நிறுத்தும்படி நாம் கூறவில்லை. பூச்சியைக் கண்ட பின் மருந்தடிக்கலாம். வரம்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் எஞ்சிய மரங்களைத் தறிக்காமல் விடலாம். இவற்றுக்கு வர்த்தமானி அறிவித்தல் எதுவும் வேண்டியதில்லை.

பட்டினத்தின் இரைச்சலும் ஒரு காரணம். 2003ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டின் லெய்டன் நகரில் ஆராய்ந்தவர்கள், இரைச்சல் மிகுந்த தெருக்களில் வாழும் சிட்டுகள் தம் குரலை உயர்த்திப் பாடுவதைக் கண்டனர். எல்லாப் பறவைக்கும் அது கைகூடுவதில்லை. தன் பாட்டைத் தன் துணை கேளாவிடில் கூடும் இல்லை, குஞ்சும் இல்லை.

காகத்தைச் சுட்டால் என்ன, நஞ்சு வைத்தால் என்ன என்று கேட்போருக்கு ஒரு வார்த்தை. கிள்ளானில் சுட்டும் பார்த்தார்கள். குப்பை கிடக்குமட்டும் ஒன்று விழுந்த இடத்துக்கு மற்றொன்று வரும். நஞ்சோ காகத்தின் பெயரைக் கேட்டு அதன் வாய்க்குள் மட்டும் செல்வதில்லை. நாயும் பூனையும் கோழியும் உண்ணும். தெருவில் விளையாடும் பிள்ளையின் கைக்கும் அது எட்டும். முதலில் பறிக்க வேண்டியது காகத்தின் உயிரை அன்று, அதன் சோற்றை.

அதற்குப் புதிய சட்டம் வேண்டுமா? வேண்டியதில்லை. மாநகரசபைகள் கட்டளைச் சட்டத்தின் 129, 130, 131ஆம் பிரிவுகளை எடுத்துப் படியுங்கள். வீதிக் குப்பையையும் வீட்டுக் குப்பையையும் அகற்றுவது சபையின் கடமை. சேர்த்த குப்பை சபையின் சொத்து. அதனை முறையாக அகற்ற இடமமைப்பதும் சபையின் பொறுப்பே. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டமும் அக்கடமையையே விதிக்கிறது. 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம், ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதியின்றி வயலை நிரப்புவதைத் தடுக்கிறது. வனவிலங்குகளையும் தாவரங்களையும் காக்கும் கட்டளைச் சட்டமோ 1937ஆம் ஆண்டிலிருந்தே நூலில் இருக்கிறது. சட்டம் இருக்கிறது, அதனைப் பயன்படுத்துவோர்தான் இல்லை. வயலை நிரப்பும் லொறிக்கு முன்னால் நின்று, அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்கும் கமக்காரர் அமைப்பு ஒன்றேனும் உண்டா? கேட்க முன்வருவோருக்குச் சட்ட உதவி செய்ய எம் தொழிலைச் சேர்ந்தோர் முன்வருதல் வேண்டும். கூலி கேளாமல் என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

கல்முனையில் செயலக எல்லை எது, சபை எல்லை எது என்ற வழக்கு எத்தனை ஆண்டுகளாக நடந்து வருகிறது என்பதை வாசகர் அறிவர். அதன் நியாயங்களை இவ்விடத்தில் நாம் ஆராயப் புகவில்லை. ஆனால் ஓர் உண்மையைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. தமிழர் தெருவில் கொட்டிய குப்பையைத் தின்ற காகம் முஸ்லிம் வளவிலுள்ள கூட்டைக் கலைக்கிறது. முஸ்லிம் கடற்கரையில் கிடந்த மீன் குடலைத் தின்ற காகம் தமிழர் கோயில் மரத்தில் இரவு தங்குகிறது. கல்முனை மாநகரசபையும் காரைதீவு, நிந்தவூர்ப் பிரதேச சபைகளும் குப்பைக்கென்று மட்டுமாவது ஒரே மேசையில் அமர்தல் கூடாதா?

அம்மேசையில் வைப்பதற்குச் சில கூறுவோம். மீன் ஏலம் நடக்கும் ஒவ்வொரு துறையிலும் மூடியுள்ள தொட்டி வைத்து, ஏலம் முடிந்த அன்றே கழிவை அகற்றல் வேண்டும். மீன் கழிவு உரமாகும். வயலுடையோர் அதனை வாங்குவர். கோழிக்கடை, இறைச்சிக்கடை அனுமதிப் பத்திரத்தில் கழிவகற்றும் நிபந்தனையைச் சேர்த்து, மீறினால் பத்திரத்தை இரத்துச் செய்தல் வேண்டும். பாடசாலை, பள்ளிவாசல், கோயில், மருத்துவமனை ஆகிய பொது வளவுகளில் வேம்பு, பூவரசு, இலுப்பை போன்ற நம் மண்ணின் மரங்களை நடுதல் வேண்டும். நெடுநெடுவென்று அழகுக்கு வளர்ந்து ஒரு கூட்டுக்கும் இடங்கொடாத மரங்களை நட்டது போதும். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சம்மாந்துறையில் அதன் விஞ்ஞான பீடம் இருக்கிறது. அங்கு பயிலும் எம் பிள்ளைகள் ஆண்டுக்கொரு முறை, பெரியநீலாவணையிலிருந்து நிந்தவூர் வரை, எந்தப் பறவை எத்தனை என்று எண்ணி ஊர்ப் பத்திரிகைகளுக்குத் தருவார்களாயின் நாம் அதனை முதற்பக்கத்தில் வெளியிடச் சித்தமாயிருக்கிறோம்.

தொட்டிக்கும் வண்டிக்கும் மரக்கன்றுக்கும் பணம் இல்லை என்று சபைகள் கூறக்கூடும். அடுத்த வரவு செலவுத் திட்டம் வெளியாகும்போது, வீதி விளக்கு அலங்காரத்துக்கும் வரவேற்பு வளைவுக்கும் எத்தனை ரூபா ஒதுக்கப்பட்டிருக்கிறது, இவற்றுக்கு எத்தனை ரூபா ஒதுக்கப்பட்டிருக்கிறது என்ற இரு தொகைகளையும் பக்கத்தில் பக்கமாக இவ்விதழில் வெளியிடுவோம்.